தெருவின் கடைசிக் கம்பி

திங்கட்கிழமை காலை நஜ்லா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தபோது டயல் டோன் வழக்கம்போல வந்தது. ஆனால் அதற்குப் பின்னால், வெகு தொலைவில், வேறு ஏதோ ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். பழைய காலத்து மணி. உள்ளே நிஜமாகவே ஒரு சின்னச் சுத்தியல் வெண்கலக் கிண்ணத்தில் அடிப்பதுபோன்ற சத்தம். யாரும் எடுக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுப் போய், ஏலக்காய் தட்டிப்போட்ட காப்பியைப் பொங்கவிட்டு இறக்கி, பால்கனிக் கதவருகே நின்று குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து மறுபடி எடுத்தாள். அடித்துக்கொண்டேயிருந்தது. பத்து மணிக்கும். பதினோரு மணிக்கும்.

இணைப்புக்கு உயிர் இருக்கிறதா என்று தினமும் காலையில் எடுத்துப் பார்ப்பது அவளுக்கு முப்பத்தெட்டு வருடப் பழக்கம். பெய்ரூட்டில், ராஸ் அல் நபா பகுதியின் அந்தக் கட்டடத்தில், நாலாவது மாடி வீட்டில் அவள் தனியாக இருந்தாள். தம்பி முனீர் கடைசியாகப் பேசியது இந்தத் தொலைபேசியில்தான். எண்பத்தைந்தாம் வருடம், ஜூன் மாதம். உள்நாட்டுப் போரில் நகரம் நடுவில் கிழிந்து கிடந்த காலம். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, இந்தப் பக்கம் வந்துட்டேன். அரை மணியில வீட்டுல இருப்பேன்." "சீக்கிரம் வாடா. ஆறிப்போச்சுன்னா மறுபடி சூடு பண்ணிப் போட மாட்டேன்" என்றாள் இவள். அடுப்புக்கு எரிவாயு கிடைக்காத எரிச்சல் அன்றைக்கு. அவ்வளவுதான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனைக் காரிலிருந்து இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னார். அது வேறு பையன் என்றார் இன்னொருவர். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது.

அவன் மனப்பாடமாக வைத்திருந்த எண் இது ஒன்றுதான். அதனால் நஜ்லா வீட்டை மாற்றவில்லை. சைதாவிலிருந்து பெண் கேட்டு வந்த மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். அவரோடு போனால் தொலைபேசியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதால் வேண்டாம் என்றாள். போர் முடிந்து, எல்லா எண்களுக்கும் முன்னால் ஓர் இலக்கம் சேர்த்தபோது, மளிகைக் கடைக்குப் போய் அங்கிருந்து தன் பழைய எண்ணைச் சுற்றிப் பார்த்தாள். அப்படி ஓர் எண்ணே இல்லை என்று பதிவு செய்த பெண் குரல் சொன்னது. மறுநாளிலிருந்து மூன்று நாள் செய்தித்தாளில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தாள்: முனீர், முன்னால் மூன்றைச் சேர்த்துக்கொள்.

இப்போது இணைப்பையே எடுக்கப் போகிறார்கள். கீழே வாசலில் அறிவிப்பு ஒட்டி நான்கு மாதமாயிற்று. செம்புக் கம்பிகளுக்குப் பதில் கண்ணாடி இழையாம். முதலில் பூட்டிக் கிடந்த வீடுகளின் கம்பிகளை உருவினார்கள். மாண்ட்ரியலுக்கும் சிட்னிக்கும் போனவர்களின் வீடுகள், செத்துப்போன கிழவிகளின் வீடுகள். அப்புறம் மற்றவை. மூன்று முறை வந்த ஆட்களைக் கதவைத் திறக்காமலே நஜ்லா திருப்பி அனுப்பியிருந்தாள். தெருவில் மிச்சமிருந்தது அவளுடைய கம்பி ஒன்றுதான்.

மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. குளிர்பெட்டி ஒருமுறை நடுங்கி அடங்கியது. அந்த அமைதியில் மறுபடி ரிசீவரை எடுத்தாள். தூரத்து மணி நின்றிருந்தது. அப்பாடா என்று வைத்தாள்.

வைத்த கை விலகுவதற்குள் அவளுடைய தொலைபேசி அடித்தது.

"ஹலோ?"

முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம். குறுகலான இடத்தில் சொட்டுவதுபோல ஒவ்வொரு சொட்டும் எதிரொலித்தது.

"அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" இளைஞனின் குரல். மரியாதையான குரல்.

"எந்த அம்மா? உங்களுக்கு யார் வேணும்?"

"உம்மு ஸக்கரிய்யா. நான் அவங்க பையன்தான் பேசுறேன். எங்க வீட்டுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன். யாரும் எடுக்கல."

நஜ்லா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். ஸக்கரிய்யாவின் அம்மா என்பதால் கட்டடமே அவளை உம்மு ஸக்கரிய்யா என்றுதான் கூப்பிட்டது. இரண்டாவது மாடி. எழுபத்தாறில் மாவு வாங்கப் போன பையன் திரும்பவில்லை. அவளும் இவளைப்போலவே காத்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால், கட்டிலைக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போடச் சொல்லி, அப்படியே செத்துப்போனாள். அவள் வீட்டுக் கம்பியை உருவிப் பத்து நாளாகியிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள். வெட்கங்கெட்ட எவனோ. இப்படித்தான் நஜ்லா நினைக்க முயன்றாள். ஆனால் விளையாடுகிறவன் குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். இதில் இல்லை.

"அம்மா வெளியே போயிருக்காங்க, தம்பி" என்றாள்.

"பரவாயில்ல. அப்புறமா கூப்பிடுறேன்."

வைக்கும் சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள்தான் வைத்தாள். ரிசீவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. வெகுநாளாகத் திறக்காத நிலவறையின் வாசனை. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மழை. தொலைபேசி அன்று ஏழு தடவை அடித்தது. ஒரு பெண் தன் அப்பாவைக் கேட்டாள். எதிர்க் கட்டடத்தில் கடிகாரம் பழுதுபார்த்தவர், செத்து இருபது வருடம். ஒருவன் அண்ணனைக் கேட்டான், அண்ணன் கனடாவில். ஆர்மீனியச் சாயலில் அரபு பேசிய ஒருவன் மனைவியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றான். எல்லாம் இளம் குரல்கள். யாரும் அழவில்லை, அவசரப்படவில்லை. தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்ததாகவும் கிடைக்கவில்லை என்றும் எல்லோரும் சொன்னார்கள். எல்லார் பின்னாலும் அதே தண்ணீர். கூடவே, நெருக்கியடித்து நிற்கிற பலருடைய மூச்சு.

நஜ்லா பெயர்களை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினாள். ஏழில் ஐந்து அவளுக்குத் தெரிந்த பெயர்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் நகர நடுவில் கூடாரம் போட்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய மடியில் முனீரின் படம் இருந்ததுபோல, பக்கத்தில் இருந்த பெண்களின் மடியில் அந்த முகங்கள் இருந்தன.

அவர்களுக்குப் போக வேறு கம்பி இல்லை. அதனால் இதற்கு வருகிறார்கள். இந்த நினைப்பு வந்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. நெஞ்சு அடைக்கும்படியான ஓர் ஆசை. அத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்றால், அவன்?

சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ஸக்கரிய்யா.

"அம்மா வந்துட்டாங்களா?"

இந்த முறை அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "அம்மா இல்லப்பா. இனிமே வர மாட்டாங்க." எதிர்முனையில் மூச்சு நின்றது. ஒருவனுடையது மட்டுமல்ல, எல்லாருடையதும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவள் சொன்னாள்: "நான் இருக்கேன். நாலாவது மாடி நஜ்லா. நீ இங்க வந்துடு. கதவைத் தாழ் போடாம வைக்கிறேன்."

"நான் மட்டுமா?"

"எல்லாரும் வாங்க." சொன்ன பிறகுதான் உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் கேட்டாள். முப்பத்தெட்டு வருடமாகக் கேட்கக் காத்திருந்த கேள்வி. "தம்பி, உங்ககூட முனீர்னு ஒரு பையன் இருக்கானா? என் தம்பி."

துணி உரசும் சத்தம். ரிசீவர் கை மாறுவதுபோல. ஸக்கரிய்யா திரும்பி யாரிடமோ, "முனீர்?" என்றான். அந்த யாரோ தனக்குப் பின்னாலிருந்தவனிடம், "முனீர்?" என்றான். பிறகு ஒரு பெண் குரல். பிறகு ஒரு முதியவர். "முனீர்?" "முனீர்?" வாய் மாறி வாய், அந்தப் பெயர் கீழே கீழே இறங்கிப் போய்க்கொண்டேயிருந்தது, பத்துப் பேர், ஐம்பது பேர், எண்ண முடியாத பேர், கொசுவின் ரீங்காரம் அளவுக்குத் தேய்ந்து, பிறகு அதுவும் கேட்காமல், ஆனால் நின்றுவிடாமல், இன்னும் ஆழத்தில் யாரோ யாரையோ கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

நஜ்லா இருட்டும்வரை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். பதில் திரும்பி வரவில்லை. அவ்வளவு தூரம் போன பெயர் திரும்பி வர நேரமாகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைத் தாழ் போடவில்லை.

புதன்கிழமை மதியம், தாழில்லாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது தொலைபேசி ஆள். ஐம்பது வயது தாண்டிய, தொப்பையுள்ள மனிதர். மழையில் நனைந்திருந்தார். பெயர் ஃபாரூக் என்றார். லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடி ஏறிய மூச்சு வாங்கல் தணியவே நேரமாயிற்று.

"உங்க ஒரு வீட்டுக்காக நாலு தடவை ஆள் அனுப்பிட்டாங்க, ஹஜ்ஜா. மேலதிகாரி என்னைத் திட்டுற திட்டு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஹஜ்ஜுக்குப் போனதே இல்ல. என்னை ஹஜ்ஜான்னு கூப்பிடாதீங்க."

"அப்ப போய்ட்டு வாங்க. அதுக்குள்ள வேலையை முடிச்சிடுறேன்." சிரித்துக்கொண்டே பையிலிருந்து வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்துச் சுவரில் பொருத்த ஆரம்பித்தார். பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன.

"இதுக்குக் கரண்ட் வேணுமா?"

"வேணும்."

"கரண்ட் இல்லாதப்ப யாராவது கூப்பிட்டா?"

"கிடைக்கலன்னு சொல்லும். அப்புறம் கூப்பிடட்டுமே, என்ன அவசரம்?"

"குண்டு விழுந்த நாள்லகூட என் பழைய போன் அடிச்சுது."

"செம்பு அப்படித்தான். தனக்கு வேண்டிய கரண்ட்டைத் தானே கொண்டு வரும்." திருப்புளியைப் பல்லில் கடித்தபடி பேசினார். "ஆனா எதுக்கு வீண் பேச்சு? எக்ஸ்சேஞ்சையே போன வெள்ளிக்கிழமை மூடியாச்சு. இந்தக் கம்பி செத்து அஞ்சு நாள் ஆச்சு, ஹஜ்ஜா."

"பொய். இன்னிக்குக் காலையிலகூட டோன் வந்துச்சு."

"உங்க காதுல வந்திருக்கும்." ஃபாரூக் சிரிப்பு மாறாமல் எட்டி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

சிரிப்பு அப்படியே நின்றது. உதடு மட்டும் சிரித்த நிலையில், கண்கள் சுவரைப் பார்த்தபடி.

"யாரு? என்ன சொல்றாங்க?"

"வழி விடுங்கன்னு..." அவர் குரல் எங்கிருந்தோ வந்தது. "வழி விடுங்க, வழி விடுங்கன்னு சொல்றாங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர். யாரையோ முன்னாடி அனுப்புறாங்க."

நஜ்லா எழுந்தாள். மூட்டு ஒத்துழைக்கவில்லை, மேசையைப் பிடித்து, நாற்காலியைத் தள்ளி, கையை நீட்டினாள். "குடுங்க. என்கிட்ட குடுங்க. அது என் தம்பி!"

ஃபாரூக் ரிசீவரை அவளிடம் தரவில்லை. கீழே போட்டார். தொங்கி ஆடிய ரிசீவரிலிருந்து, தூரத்தில், யாரோ மூச்சிரைக்க நெருங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "அக்..." என்று ஆரம்பித்தது. ஃபாரூக் குறட்டால் சுவரோரம் கம்பியைக் கவ்வி நறுக்கினார்.

ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான்.

அவள் அவருடைய ஈரமான மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். அவர் தடுக்கவில்லை. "அவன் வந்துட்டான்! வாய்கிட்ட வந்துட்டான்! படுபாவி!"

"உங்களுக்கு ஒருத்தன் குரல்தான் கேட்டுச்சு" என்றார் ஃபாரூக். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "நான் பின்னாடி இருந்ததையும் கேட்டேன். அதுக்குக் கடைசியே இல்ல, ஹஜ்ஜா. கதவைச் சாத்திக்கங்க."

குறட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார். மாடிப்படியில் அவர் காலடிகளை நஜ்லா கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடி. இரண்டாம் மாடி. அங்கே நின்றன. "யாரு?" என்று அவர் மெல்லக் கேட்பது கேட்டது. பிறகு தடதடவென்று ஓட்டம். கீழே இரும்புக் கதவு அறைந்துகொண்டது.

இரண்டு மணி. மின்சாரம் போனது. வெள்ளைப் பெட்டியின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மாண்ட்ரியலிலிருந்து உறவுக்காரப் பையன் அனுப்பிய செல்போன் அலமாரியில் எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற மழை. பட்டப்பகல்தான், ஆனால் வீட்டுக்குள் மாலை இறங்கிவிட்டதுபோல மேசையின் கால்களும் நாற்காலியின் கால்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஈரச் சுண்ணாம்பு வாசனை. இப்போது அது ரிசீவரிலிருந்து வரவில்லை.

கதவின் அடி இடுக்கிலிருந்து வந்தது.

இரண்டு மாடி கீழே யாரோ ஒரு கதவைத் தட்டினார்கள். மெதுவாக. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. உம்மு ஸக்கரிய்யாவின் பூட்டிய வீடு.

பிறகு ஏறத் தொடங்கினார்கள்.

செருப்பில்லாத கால்கள். நிறையக் கால்கள். அவசரமில்லை. ஒரு படி. நிற்கும். அடுத்த படி.

அவள் கை தாழ்ப்பாள்வரை போனது. தள்ளினால் போதும். விரல் இரும்பைத் தொட்டது. தள்ளலாம். ஆனால் அந்த வரிசையில் அவன் இருந்தால்?

கதவைத் திறந்தாள்.

படிக்கட்டின் மேல்ஜன்னல் வழியே விழுந்த மழை வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஸக்கரிய்யா. உம்மு ஸக்கரிய்யா மடியில் வைத்திருந்த படத்தின் அதே முகம், அதே இருபது வயது, சட்டையெல்லாம் சுண்ணாம்புப் பொடி. கண்களைத் துணியால் கட்டியிருந்தது. அவன் தோளில் ஒரு கை. அந்தக் கைக்குரியவளுக்கும் கண்கட்டு. அவள் தோளில் இன்னொரு கை. ஒருவர் தோளைப் பிடித்து ஒருவராக, வளைவு திரும்பி, கீழே, இருட்டுக்குள். யாரும் பேசவில்லை. யார் மார்பும் ஏறி இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் சொட்டியது.

"வழி விடுங்க" என்றது கீழே ஒரு குரல்.

வரிசை சுவரோடு ஒட்டியது. ஒருவன் கைப்பிடியைத் தடவித் தடவி ஏறி வந்தான். ஒல்லி. இடது தோள் சற்று இறங்கிய நடை. அந்த நடை நஜ்லாவுக்குத் தெரியும். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, இது நஜ்லா வீடுதானே?" என்றான் முனீர்.

"நான்தான்டா. நான்தான் முனீர்."

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். தெரியாத ஊரில் தெரியாத ஒருவரின் பேச்சைக் கேட்பதுபோல. "எங்க அக்கா குரல் இப்படி இருக்காது."

"வயசாயிடுச்சுடா. எழுபத்துநாலு ஆச்சு. நீ பொறந்தப்ப உன்னைத் தூக்கினது நான். உன் வலது முழங்காலுல ஒரு தழும்பு. சைக்கிள்லேர்ந்து விழுந்தே. நான்தான்..."

"எங்களைப் பிடிச்சு வச்சவங்களும் இப்படித்தான் சொல்வாங்க" என்றான், கோபமில்லாமல். "உன் அக்கா வந்திருக்கா, வா, வெளியே வான்னு. எல்லாம் தெரிஞ்ச மாதிரியே சொல்வாங்க."

அவள் கையை நீட்டி அவன் பின்தலையில் இருந்த முடிச்சைத் தொட்டாள். துணி நனைந்து, இறுகி, கல்லாயிருந்தது. முடிச்சுக்குக் கீழே தோல் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது. அவன் பதமாக அவள் கையை விலக்கினான். விரல்களை ஒருமுறை தடவிப் பார்த்தான். முண்டு முண்டான மூட்டுகளை, தொளதொளத்த தோலை.

"வேணாம், பெரியம்மா. எங்க அக்காதான் அவிழ்க்கணும். அவ கை எனக்குத் தெரியும்."

அவளைக் கடந்து உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் ஸக்கரிய்யா. அவனுக்குப் பின்னால் அந்தப் பெண். கூடம் நிறைந்தது. சமையலறை நிறைந்தது. அம்மாவின் அறை, பால்கனி, குளியலறை. ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, நின்றார்கள். உட்கார யாரும் கேட்கவில்லை. எங்கும் இடமில்லாமல் போனபோது வரிசை அவளை வாசலிலிருந்து நகர்த்தி, மெல்ல மெல்ல நெருக்கி, முனீரின் முதுகுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது.

அவள் அவன் பெயரைச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. ரகசியம்போல, யாருக்கும் தொந்தரவில்லாமல், "நஜ்லா?" என்று முன்னால் நின்றவனிடம் கேட்டான். அவன் தனக்கு முன்னால் நின்றவளிடம் கேட்டான். "நஜ்லா?" "நஜ்லா?" பெயர் அறை அறையாகப் போயிற்று.

"இங்க இருக்கேன்" என்றாள். "இங்க இருக்கேன்டா."

பின்னாலிருந்து ஈரமான ஒரு கை வந்து அவள் தோளில் அமர்ந்தது. இன்னொரு கை, ஒரு துணியை அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தது.

திறந்த கதவுக்கு வெளியே, படிகளில், இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.